கயிற்றில் எத்தனை பேர்

அவருக்கு ஆட்களை எண்ணும் பழக்கம் இருந்தது. டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்களை எண்ணுவார். பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்ததும் முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை ஒரு தடவை கண் போய்வரும். உதடு மட்டும் லேசாக அசையும். நடுவில் ஒருவர் இறங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். முன்பு கண்டக்டராக இருந்திருப்பாரோ, ஏதாவது கோவில் நேர்ச்சையோ என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். நேரில் கேட்டால், சும்மாதான் என்பார்.

நான் அப்போது தக்கலையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். பன்னிரண்டு பதிமூன்று வருஷம் ஆகிறது. கல்யாணம், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும். பிறகு ரோட்டோர பேனர்களுக்குக் கெடுபிடி வந்தது. கட்டிய மறுநாளே அவிழ்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரோட்டில்தானே வைக்கக் கூடாது, ஆகாயத்தில் வைத்தால் என்ன என்று யோசித்தவர், கொச்சியில் மூடப்போகிற ஒரு விளம்பரக் கம்பெனியிடமிருந்து நாற்பதடி நீளமுள்ள ஒரு பிளிம்ப்பை வாங்கிவந்துவிட்டார். ரிமோட்டில் ஓடுகிற பலூன் கப்பல். வந்தபோது அது கப்பலாக இல்லை. டெம்போவின் பின்னால் மடித்த பந்தல் துணிபோல ஒரு மூட்டையாகக் கிடந்தது.

அதை நிமிர்த்தத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. வேர்க்கிளம்பிப் பக்கம் ஒருவர் வளைகுடாவில் இதே வேலை பார்த்து வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, முதலாளி ஆளனுப்பினார். அப்படி வந்தவர்தான் எண்ணும் பழக்கமுள்ள அவர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, கழுத்து நீண்ட மனிதர். ஊரில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். கடலில் போகிற கப்பல் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.

வந்தவர் மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. நின்றபடியே, இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். வேலை முடிந்ததும் காற்றை இறக்கி மடித்துவிடலாம் என்றார் முதலாளி. உள்ளே இருக்கப்போவது ஹீலியம், ஒவ்வொரு தடவையும் அதை ஆகாயத்துக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக நிறைத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது, நிறைத்தால் நிறைத்தபடியே வைத்துக் காப்பாற்ற வேண்டும், அதற்குப் பெரிய ஷெட் வேண்டும் என்றார் அவர்.

"கயிறு பிடிக்க எத்தன பேரு உண்டு?" என்பது அடுத்த கேள்வி.

மூன்று பேர் என்றார் முதலாளி. அவர் படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஏழு பேருக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் திரும்பி ஏறினார்.

ஷெட்டுக்காக, பூட்டிக் கிடந்த ஒரு அண்டியாபீசை வாடகைக்கு எடுத்தோம். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உயரமான கூரை, லாரி நுழைகிற வாசல், சுவரெல்லாம் கறுத்த எண்ணெய்க் கறை. தரையை இரண்டு நாள் கழுவி, ஆணி, கல், தகரத் துண்டு ஒன்றுகூட இல்லாமல் அவரே குனிந்து பொறுக்கினார். ஒரு பகல் முழுக்கச் சிலிண்டர் சிலிண்டராக வாயுவை ஏற்றினார்கள். முதலில் ஒரு முனை மட்டும் மெல்ல எழுந்து, தலை தூக்க முடியாத குழந்தைபோலச் சாய்ந்தது. பிறகு நடுப்பகுதி. சாயங்காலம் சுருக்கமெல்லாம் போய், வெள்ளையாய், தரையைத் தொட்டும் தொடாமலும் அது நின்றபோது நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தோம். அவர் மட்டும் வாசலுக்குப் போய் வெளியே நின்ற தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரோடு எனக்குப் பழக்கமானது எடை விஷயத்தில். கப்பலின் வயிற்றில் ஒட்டுவதற்காக ஒரு நகைக்கடை விளம்பரத்தை டிசைன் செய்து கொடுத்தேன். கடைப் பெயர், முதலாளியின் படம், அவர் அப்பாவின் படம், ஆரம், மூன்று போன் நம்பர். அச்சடித்து வந்த ஸ்டிக்கரைக் கப்பல்காரர் தராசில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மக்ளே, ஒரு பீரோ நிறைய இந்தக் காத்த அடைச்சா, அது ஒரு கிலோ அரிசியத் தூக்கும். இதுக்க பெலம் அவ்வளவுதான். கப்பலு நம்ம கண்ணுக்குத்தான் பெருசு. நீ அந்த அப்பாவ எடுத்திரு."

அப்பா போனார், ஆரம் போனது, இரண்டு போன் நம்பர் போனது. கடைசியில் கடைப் பெயர் மட்டும், அதுவும் மெல்லிய எழுத்தில். ஐம்பது பீரோ அளவு வாயுவில் பெரும்பகுதி அந்தத் தோலையும் மோட்டாரையும் தூக்கவே சரியாய்ப் போகிறது, மிஞ்சுகிற சில கிலோவில்தான் நம் பிழைப்பு என்று விளக்கினார். ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமானாலே கப்பல் பெரிய வீடு அளவுக்குப் போய்விடுமாம்.

அதற்கு எலும்பு கிடையாது என்பதையும் அவர்தான் சொன்னார். உள்ளே சட்டம், கம்பி எதுவும் இல்லை. வாயு உள்ளிருந்து தள்ளுகிற பலத்தில்தான் அதற்கு அந்த உருவம். வெயில் ஏறினால் வாயு விரிந்து தோல் விறைக்கும்; மழை பெய்தால் சுருங்கித் தொய்யும். அதைச் சரிக்கட்ட வயிற்றுக்குள் இன்னொரு சிறு பை, அதில் வெறும் காற்று, அதை ஊதவும் இறக்கவும் ஒரு சின்ன ஃபேன். வாயு விரிந்தால் பை சுருங்கும், வாயு சுருங்கினால் பை ஊதும். மீட்டர் இருந்தும் அவர் அதை நம்பவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தோலைத் தொட்டுவிட்டு வருவார். சாப்பாட்டுப் பொதியைப் பாதியில் மூடிவைத்துவிட்டுப் போவார். பேசிக்கொண்டிருக்கும்போதே போவார். மனைவி திருவனந்தபுரத்தில் மகள் வீட்டோடு இருந்தார்கள். அங்கே போனாலும் அன்று சாயங்காலமே திரும்பிவிடுவார். கப்பல் வருவதற்கு முன்பும் அப்படித்தான் என்று வேர்க்கிளம்பிக்காரர் ஒருவர் சொன்னார். அப்போது புறங்கையால் தொட ஒன்றும் இல்லாததால் சும்மா போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவாராம்.

ஒருநாள் முதலாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்றார்.

"யோசன வராம இல்ல முதலாளி. வச்சிருந்தவனெல்லாம் வித்துட்டான்," என்றார் அவர்.

முதலாளி சிரிக்கவில்லை. கப்பல்காரர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பழைய காலத்தில் தீப்பிடிக்கிற வாயுவை நிறைத்துப் பறந்து எரிந்துபோனதால்தான் ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஹீலியம் எரியாது, அந்தப் பயம் இப்போது இல்லை. ஆனால் ஹீலியம் எதற்குள்ளும் அடங்கி இருக்காது. எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் நாளுக்கு நாள் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பலுக்கு மைதானம் அளவு ஷெட் வேண்டும். ஷெட் இல்லாத இடத்தில் மூக்கை ஒரு கம்பத்தில் கட்டி, காற்று திரும்பும் பக்கமெல்லாம் அது சுற்றிச்சுற்றி வர இடம் விட வேண்டும். ஒரு பைலட் பறக்க, கீழே பதினைந்து இருபது பேர் கயிறோடு ஊர் ஊராக லாரியில் பின்னால் போக வேண்டும். காற்று கொஞ்சம் முறைத்தால் அன்றைக்குப் பறக்க முடியாது. அதனால் உலகத்திலேயே ஆளேறிப் போகிற கப்பல்கள் கொஞ்சம்தான்.

"ஏரோப்ளேன எறக்கினா சாவிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம். இத எறக்கினப் பொறவுதான் வேலையே," என்று முடித்துவிட்டு, தோலைத் தொட்டுப் பார்க்கப் போய்விட்டார்.

ஏழு பேருக்குப் பயிற்சி கொடுத்த விதத்தை அண்டியாபீஸ் முற்றத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் லோடு இறக்குகிற ஆட்கள், கை பலமானவர்கள். கயிற்றின் ஒரு முனையை முதலாளியின் ஜீப்பில் கட்டி, மறுமுனையை அவர்களிடம் கொடுப்பார். கயிறு உள்ளங்கையில் கிடக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்றிவிட வேண்டும். ஜீப் மெல்ல நகரும், இவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று "விடு" என்பார். எல்லோரும் ஒரே நொடியில் விட வேண்டும். ஒருவன் பிந்தினால் மறுபடி. ஒருவன் முந்தினாலும் மறுபடி. பிந்துகிறவன் மேல் கோபப்படுவது எங்களுக்குப் புரிந்தது. முந்துகிறவன் மேல் ஏன் அவ்வளவு கோபம் என்று புரியவில்லை. ஒருவன் விட்டால் அவன் பிடித்திருந்த பாரம் மற்றவன் கைக்குத்தானே போகும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். முகம் சிவந்திருந்தது. அன்று மதியம்வரை அதையே செய்யவைத்தார். ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் வாசலில் நின்று சிரித்தேன்.

மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு முதல் வேலை. ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரம். அனுமதிக் காகிதங்களுக்காக முதலாளி ஒரு மாதம் அலைந்தார். நிறைத்த கப்பலை நீண்ட லாரியில் வலைபோட்டுக் கட்டி, இருட்டோடு கொண்டுபோனோம். கோவிலிலிருந்து தள்ளி ஒரு தோப்பு வெளியில், காலை ஆறரை மணிக்கு, கயிற்றின் நீளத்துக்குக் கப்பல் ஏறியது. இருமுடியோடு வந்த பெண்கள், பொங்கல் பானையோடு இருந்தவர்கள், கடலில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு வந்தவர்கள், எல்லோர் முகமும் மேலே. அவர் மட்டும் மேலே பார்க்கவே இல்லை. தென்னை ஓலையைப் பார்ப்பார், கயிற்றில் இருக்கும் கைகளைப் பார்ப்பார், எண்ணுவார். ஒன்பதரை மணிக்கு இறக்கச் சொல்லிவிட்டார். வெயில் ஏறினால் கடல்காற்று எழும் என்றார். கூட்டம் சேருவதே பகலில்தான் என்று முதலாளி போனில் கத்தினார். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு இறக்கும் வேலையைப் பார்த்தார். பத்தரை மணிக்குக் கடல்காற்று வந்தபோது கப்பல் ஷெட்டுக்குள் இருந்தது. ஆனாலும் முதலாளியின் மனதில் அது அவருடைய பிடிவாதமாகவே பதிந்தது.

ஆனி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் பிளாட் போட்ட ஒருவர் கப்பலைக் கேட்டார். விற்பனை தொடக்க விழா, இரண்டு மணி நேரம் போதும் என்றார். கப்பல்காரர் கேட்டதுமே முடியாது என்றார். கணவாயில் ஆனி ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று ஊருக்கே தெரியும், அதற்காகத்தானே காற்றாலை வைத்திருக்கிறார்கள், காற்றாலைக்காரன் இடம் பார்த்துத்தான் நட்டிருக்கிறான் என்றார். முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். நீர் வராவிட்டாலும் கப்பல் போகும் என்று அவர் சொன்னதும் கப்பல்காரர் பேச்சை நிறுத்தினார். விழா அன்று விடிய அவர்தான் முதல் ஆளாக லாரியில் ஏறி நின்றார். தான் இல்லாமல் அந்த ஆட்கள் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். அங்கே போன பிறகுதான் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று வரும் வழியிலேயே இறங்கிப் போயிருந்தான். அவர் இரண்டு தடவை எண்ணினார். ரிமோட்டுக்கு ஒருவன் போக, அவரைச் சேர்த்தும் கயிற்றில் ஆறுதான். ஆறு பேரோடு ஏற்ற மாட்டேன் என்றார். விழாக்காரர்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். ஏட்டி, நீயும் பிடி, கொஞ்ச நேரந்தானே என்றார். நான் கேமராவை ஜீப்பில் வைத்துவிட்டு வந்தேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்து, வளையலைக் கழற்றச் சொல்லி, இடது கயிற்றில் தனக்குப் பின்னால் கடைசி ஆளாக நிற்கவைத்தார். இடப்பக்கம் மூவர், வலப்பக்கம் மூவர், வாலில் ஒருவர்.

காலையில் காற்று இல்லை. அது எங்களை ஏமாற்றியது. கப்பல் அழகாக ஏறி நின்றது, நாதஸ்வரம் வாசித்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். இறக்கிக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேல் பனை உயரத்தில் இருக்கும்போது, கணவாயிலிருந்து முதல் காற்று வந்தது. புழுதி முதலில் வந்தது. பிறகு கப்பல் பக்கவாட்டில் திரும்பியது. அந்தக் கப்பலால் ஒரு சின்னப் பிள்ளையைக்கூடத் தூக்க முடியாது. ஆனால் நாற்பதடிப் பாயை விரித்துக் காற்றில் பிடித்தால் என்ன ஆகும். கயிறு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு போனது. "விடு" என்ற சத்தம் கேட்டது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது உழுத மண்ணில் முகம் பதியக் கிடந்ததுதான். தலை தூக்கியபோது எல்லோரும் ஆங்காங்கே கிடந்தார்கள், நின்றார்கள். அவர் மட்டும் கயிற்றோடு தரையில் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தார். பிளாட்டைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியில் மோதித்தான் நின்றார். கப்பல் வேலிக்கு அப்பால் விழுந்து, கல் தூணில் கிழிந்து, சத்தமே இல்லாமல் படுத்தது.

இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. வலது தோள் இறங்கிவிட்டது. நெய்யூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கு உதட்டில் காயம், இடது மணிக்கட்டில் வளையல் போட்டதுபோல ஒரு சிவந்த தடம். அவ்வளவுதான்.

முதலாளி ஆற்றமாட்டாமல் பேசினார். விட்டிருந்தால் அது ஏதாவது வயலில் போய் மெல்ல இறங்கியிருக்கும், இந்த ஆள் பிடித்திழுத்து வேலியில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார் என்றார். ஊருக்கெல்லாம் விடு விடு என்று பாடம் எடுத்தவருக்குத் தன் கையை விடத் தெரியவில்லை என்று கடையில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. டீ நேரத்தில் அவர் விறைப்பாக நின்று "விடு" என்று சொல்லிவிட்டு இழுபட்டுப் போவதை நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து விழாக்காரர்களின் வீடியோ வந்தது. வேலி சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டு முதலாளிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் என் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். நான் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். கப்பல்காரரின் வாய் திறக்கிறது. வலப்பக்கம் மூவரும் ஒன்றாக விடுகிறார்கள். வாலில் இருந்தவன் விடுகிறான். எங்கள் கயிற்றில் முன்னால் இருந்தவன் விடுகிறான். பயிற்சி வீண் போகவில்லை. அவர் திரும்பிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் சுடிதார் போட்ட ஒரு பெண் ஒரு கையை முன்னால் நீட்டியபடி ஓடிக்கொண்டிருக்கிறாள். அவள் விடவில்லை. விட முடியவில்லை. வழுக்காமல் இருக்கட்டும் என்று கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருக்கிறாள்.

எப்போது சுற்றினேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. அவர் விட்டிருந்தால் அந்த இழுப்பு முழுவதும் என் கைக்கு வந்திருக்கும். அவர் முன்னால் பிடித்துக்கொண்டு ஓடியதால் பின்னால் கயிறு தொய்ந்தது. அந்தத் தொய்வில் சுற்று கழன்று நான் விழுகிறேன். அதற்குப் பிறகு அவர் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான், வேலி வந்துவிட்டது.

முதலாளி இரண்டாவது தடவை போடச் சொன்னார். பிறகு எழுந்து, ஜீப் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்து, நீ முன்ன போ, நான் பொறவு வாறேன் என்றார்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் இல்லை. கட்டுப்போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். நான் வீடியோவைச் சொன்னேன். நடித்துக் காட்டியதையும் சொன்னேன். அழாமல் சொல்ல முடியவில்லை. அவர் வராந்தாவில் இருந்த ஆட்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து நின்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ ஒறங்க மாட்டே. அது எப்பிடி இரிக்கும்ணு எனக்குத் தெரியும்லா," என்றார்.

அன்றுதான் மற்றதையும் சொன்னார். வளைகுடாவில் அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டது கருங்கல் ஊருக்கு அப்பால் உள்ள ஒருவர். இவரைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். ஆளேறுகிற பெரிய கப்பல். ஒருநாள் இறங்கும்போது இதேபோலக் காற்று கீழிருந்து தூக்கியது. மூக்குக் கயிற்றில் இவர் பக்கம் ஆறு பேர். விடு என்று யாரும் சொல்லவில்லை. கால் தரையை விட்டு எழும்பியதும் இவர் கை தானாக விட்டது. இவர்தான் முதலில். அடுத்தடுத்து எல்லோரும் விட்டார்கள். ஒவ்வொருவர் விட விடக் கப்பல் குதித்து மேலே போனது. கடைசியாக இருந்த அண்ணன் விடலாம் என்று நினைத்தபோது விட முடியாத உயரம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தொங்கினார். பிறகு விழுந்தார். கயிறு அறுந்து விழுந்ததாகத்தான் ஊரில் வீட்டுக்குச் சொன்னார்கள். உடலோடு வந்து அதைச் சொன்னதே இவர்தான்.

"எல்லாரும் சேந்து பிடிச்சிருந்தா நிண்ணிருக்குமாண்ணு இப்பவும் தெரியாது. எல்லாரும் சேந்து விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான் முன்ன விட்டேன். அது மட்டும் தெரியும்."

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே என்று சொல்லியிருக்கலாம். அதை அவர் தனக்கே எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அந்த வீட்டில் அவர்களுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அவர் கூடவே வராந்தாவில் இரண்டு சுற்று நடந்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று, வேர்க்கிளம்பிக்குப் போகாமல், ஒரு இடம் வரைக்கும் கூட வரியா மக்ளே என்று கேட்டார். கையால் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது, டிக்கெட் எடுக்க முடியாது. கருங்கல்லுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் மூட்டமாக இருந்தது. பஸ்ஸில் நான் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சின்ன ஓட்டு வீடு. முற்றத்தில் கொடிக்கயிறு கட்டி ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டிருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மழை வருமுன் அவற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மனைவி; இவருக்கு மைனி. அவரைப் பார்த்ததும் முகம் விரிந்தது. கை ரெண்டையும் பார்த்ததும் ஷீட்டுகளை அப்படியே படியில் போட்டுவிட்டு வந்தார்கள். என்னாச்சு, எங்கன வச்சு, யாரு கூட உண்டு என்று கேட்டபடி எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. ஆரல்வாய்மொழியிலிருந்து தொடங்கினார். அந்த அம்மா உச்சுக்கொட்டிக் கேட்டார்கள். என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்கள்.

"மைனி, கயிறு அறுந்ததுண்ணு நான் சொன்னது பொய்யாக்கும்," என்றார் அவர்.

பிறகு ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதையே, அதைவிடக் குறைந்த வார்த்தைகளில் சொன்னார். தன் கை முதலில் விட்டதை இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மாவின் கை என் மணிக்கட்டில் இருந்து எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து, படியில் கிடந்த ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். ஓரம் சேர்த்து, நிதானமாக. முதல் தூறல் விழுந்தது.

"இத்தன வருசமும் அந்தக் கயித்த நெனச்சாக்கும் அழுதேன். இனி உங்கள நெனச்சு அழணும். அதுக்கா இவ்வளவு தூரம் வந்திய?"

அவர் தலை குனிந்து நின்றார். போகலாம் என்று நான் எழுந்தபோது அந்த அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவரிடம் நீட்டப் போய், கைக்கட்டைப் பார்த்து நின்றார்கள். செம்பை என்னிடம் தந்தார்கள்.

"நீ குடு மக்ளே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

நான் அவர் வாயில் ஊற்றினேன். கொஞ்சம் சட்டையில் வழிந்தது. அவர் நிறுத்தாமல் முழுச் செம்பையும் குடித்தார். செம்பை வாசலில் வைத்தேன். போயிட்டு வாறேன் மைனி என்று பாதி சாத்தியிருந்த கதவைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் ரோட்டுக்கு இறங்கியபோது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மழ வலுக்கும். கட்டு நனையாம போங்க."